ஒன்றரை மணிக் கேள்வி

என் குரலைக் கேட்காத ஆள் அந்த வருஷம் தென்காசிப் பக்கத்தில் குறைவு. கடைக்குப் போனால் வாயைத் திறக்க முடியாது. "ரெண்டு கிலோ வெங்காயம்" என்று சொல்லி முடிக்குமுன் கடைக்காரம்மா தராசை வைத்துவிட்டு, "ஆத்தீ! நீங்கதானா அது? தினமும் எங்கிட்ட பேசுதியளே!" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு கிலோ கேட்டால் இரண்டரை விழும். எனக்குத் தலைகால் புரியாது. தவளை தன் வாயால் கெடும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

என் பெயர் பிரமநாயகி. வீட்டில் பிரமு. நான் டாக்டர் இல்லை. ஊசி போடத் தெரியாது, ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். என் வேலை கேள்வி எழுதுவது. திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில், சர்க்கரை நோயாளிகளிடம் போனில் தினமும் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை எழுதி, அதை என் குரலிலேயே பேசிக் கொடுத்தேன். அந்தக் கேள்வி எங்கள் ஆவுடை மதினியை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கமிட்டிக்காரர்களிடம் சொன்னது வேறு மாதிரி. அது எழுத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாசித்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் எபனேசர். பாளையங்கோட்டைக்காரர், கோபப்படத் தெரியாத மனுஷன். வேலைக்குச் சேர்ந்த அன்று என் உள்ளங்கையில் ஒரு சின்னப் பொருளை வைத்தார். பார்க்க நெல்மணி மாதிரியே இருந்தது.

"இதைத்தான் தொடைத் தசைக்குள்ள வைக்கிறோம்" என்றார். "உள்ளே குரோமியம் இருக்கு."

"குரோமியம்னா தோல் பதனிடுறதுக்குப் போடுறதுதானே சார்? ஆத்துல கலந்து ஊரே நாறிப்போச்சே!"

"அது வேற வகை, அளவும் வேற. நம்ம உடம்புல இயற்கையாவே துளியூண்டு குரோமியம் உண்டும்மா. சாப்பிட்ட சர்க்கரையில பெரிய பங்கு தசைக்குள்ள போய்ச் சேரணும். இன்சுலின் போய்த் தசையோட கதவைத் தட்டும். உள்ளே இருக்கிறவன் திறந்து வாங்கி வச்சுக்கிடணும். சர்க்கரை நோய்க்காரங்களுக்கு என்ன ஆகுதுன்னா, இன்சுலின் தட்டிக்கிட்டேதான் இருக்கும், உள்ளே இருக்கிறவனுக்குக் காது மந்தமாப் போயிரும். குரோமியம் அந்தத் தட்டுற சத்தத்தைக் கூட்டிக் கொடுக்குதுன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. கடையில விக்கிற குரோமிய மாத்திரையைத் தின்னு பார்த்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் நடக்கலை. நாங்க அதை ஒரு புரதத்தோட சேர்த்துக் கட்டி, நேரா தசைக்குள்ளயே வச்சிட்டோம். இப்ப தட்டவே வேண்டாம். கதவு தானாத் திறக்கும், மூணு மணி நேரம் திறந்தே கிடக்கும்."

"மூடணும்னா?"

"மூட முடியாது. அதுவா மூடினாத்தான் உண்டு."

"சாப்பிடாதவங்களுக்குத் திறந்துட்டா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரத்தத்துல இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் தசை உறிஞ்சிரும். மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு. தசை பட்டினி கிடந்தா கொழுப்பை எரிச்சுப் பொழைச்சுக்கிடும். மூளைக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. அதனாலதான் சாப்பிட்ட பிறகு மட்டும் நெல்லைத் திறக்கணும். சாப்பிட்டாங்களான்னு கேக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

சர்க்கரையை அளக்கும் வில்லையைத் தோளில் ஒட்டியும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மூன்றாம் நாளே உரிந்து விழுந்தது. ஒட்டிய இடத்தில் அரிப்பு வேறு. வயலிலும் அடுப்படியிலும் நிற்கிற பெண்கள் பிய்த்து எறிந்துவிட்டார்கள். மனுஷரைக் கேட்டால் சொல்லத் தெரியாதா, இதற்கு எதற்கு வில்லை என்று முடிவாயிற்று. மத்தியானச் சாப்பாடுதான் எங்கள் பக்கத்தில் பெரிய சாப்பாடு. அதனால் தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போன் அடிக்கும். சாப்பிட்டாச்சு என்று பதில் வந்தால், போன் சொல்லி நெல் திறக்கும். இல்லை என்றால் திறக்காது. அவ்வளவுதான் ஏற்பாடு.

முதலில் வைத்திருந்த கேள்வி இது: "தாங்கள் மதிய உணவு உட்கொண்டுவிட்டீர்களா? ஆம் எனில் எண் ஒன்றை அழுத்தவும்." நூறு பேருக்குப் போட்டால் அறுபது பேர் பாதியிலேயே வைத்துவிடுவார்கள். கரண்டியும் கையுமாக இருப்பவள் எந்த எண்ணை அழுத்துவாள்? நான் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டு ஆள் கேட்கிற மாதிரி ஒரே வரியில் கேட்டேன்: "சாப்ட்டாச்சா?" முன்னால் ஓர் உறவுமுறை. அக்கா, பெரியம்மா, அண்ணாச்சி, அவரவருக்கு எது பிடிக்குமோ அது. பதிலுக்கு 'ஆச்சு' என்றாலும் சரி, 'ம்' என்றாலும் சரி, போன் புரிந்துகொள்ளும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் பதில் சொன்னார்கள். எபனேசர் சார் எனக்குக் கைகொடுத்தார். அறுபதாயிரம் பேருக்கு நெல் வைத்தோம். வருஷம் ஒன்றைத் தாண்டியதும் கணக்கெடுத்தால், மூன்று மாதச் சராசரி சர்க்கரை எல்லோருக்கும் இறங்கியிருந்தது. பெண்களுக்கு ஆண்களைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. பெண்ணின் தசை குரோமியத்துக்கு நன்றாக இணங்குகிறது என்று சார் வெளிநாட்டுக் கூட்டத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தார். "எங்க தசை மட்டுமா சார், நாங்களே எல்லாத்துக்கும் இணங்கித்தானே போறோம்" என்று நான் நக்கலடித்தேன். அவரும் சிரித்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் மாநிலம் முழுக்க வைப்பதாகத் திட்டம்.

எங்கள் அண்ணன் சங்கரலிங்கத்துக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷமே அண்ணனைக் கட்டி வந்தவர் ஆவுடை மதினி. என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர். எனக்குத் தலை பின்னி, பரீட்சைக்கு எழுப்பி, வேலைக்கு அனுப்பி, கல்யாணமே வேண்டாம் என்று நான் நின்றபோது ஊர்வாயை அடைத்தவரும் அவர்தான். நாற்பத்தைந்து வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. நெல் வைக்க வந்த நர்ஸ், போனில் எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டதற்கு, "பிரமு பேசுதாளா? அப்போ மதினின்னுதான் கூப்பிடணும்" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மதினி கொஞ்சம் மாறியிருந்தார். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. என் பெரியப்பா மகள் பெயரைச் சொல்ல வந்து, "அவ... அவதான்ட்டி... அந்தச் செவத்த புள்ள" என்று தேடினார். கையில் ஒரு சூட்டுத் தழும்பு. "என்ன மதினி இது?" என்றதற்கு, "எண்ணெய்ச் சட்டியத் தொட்டுட்டேன். கண்ணு மங்கிட்டு வருது, வயசாவுதுல்லா" என்றார். ஐம்பத்தொன்றெல்லாம் ஒரு வயசா?

மத்தியானம் அண்ணனுக்கும் எனக்கும் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கை ஈரம். முழங்கையால் தட்டிச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

"மதினி, சாப்ட்டாச்சா?" என்றது போன். என் குரல், அவ்வளவு அன்பாக.

"ஆச்சும்மா, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே என் இலையில் ரசத்தை ஊற்றினார் மதினி.

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்தாரே, அதோடு சரி. சட்டியைத் திறந்து நேராக வாயில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை அவர். அண்ணன் கைகழுவிய பிறகு, மண்டிக் கணக்குப்பிள்ளைக்குத் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்து, அடுப்படி கழுவி, மூன்று மணிக்கு மேல்தான் உட்காருவார். பந்திக்கு முந்து என்பதெல்லாம் ஆம்பிளைகளுக்குச் சொன்னது.

"மதினி! நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே!"

"நீ சாப்பிடு முதல்ல."

"போன்ல கேட்டவகிட்ட ஆச்சுன்னு சொன்னீங்களே?"

மதினி என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "கேக்குத புள்ளகிட்ட பசிக்குதுன்னா சொல்லுவாக? எங்கேயோ கிடந்துக்கிட்டு எம்மேல அக்கறையாக் கேக்கே. இல்லைன்னு சொன்னா உம்மனசு என்ன பாடுபடும்?"

"அது நான் இல்லை மதினி. மெஷின்."

"குரல் உன்னுதுல்லா?"

நான் எழுந்து ஓடினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து, அள்ளித் தண்ணீரில் கரைத்து, அவர் வாயில் வைத்துக் குடிக்கச் சொன்னேன். அதற்குள் அவர் நெற்றி வேர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. "தினமும் இப்படி வருமா?" என்று கேட்டேன். "முன்னால கைகால் நடுங்கும். இப்ப அதுகூட இல்ல. லேசா ஒரு கிறக்கம், அவ்வளவுதான். பசி மயக்கம்ட்டி, பொம்பளைக்கு இதெல்லாம் புதுசா?" என்றார். அண்ணன் இலையில் இருந்தபடியே, "என்ன அங்க சத்தம்? மோர் எங்க?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை. பிறகு கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். "இனிமே நான் கேட்டா, சாப்பிடலைன்னா 'இல்லை'ன்னுதான் சொல்லணும். எந்தலை மேல அடிச்சு சொல்லுங்க."

"சரிட்டி. தலையில எல்லாம் அடிக்க மாட்டேன். சொல்லுதேன், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். எபனேசர் சாரையும் வரச் சொன்னேன். அவர் கோயில் ஆராதனை முடிந்து நேராக வந்தார். மதினி வீட்டில் நடந்ததைச் சொன்னதும், "ஒரு வீட்டை வச்சு முடிவு கட்ட முடியாதும்மா" என்றார். தப்பில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே நம்ப மனசில்லை. என் கேள்விதானே அது. என் குரலுக்குத்தானே கடைகடையாகக் கைகொடுத்தார்கள்.

போனில் வந்த பதில் எல்லாம் பதிவாகியிருக்கும். 'ஆச்சு' என்ற ஒரு சொல்லை மட்டும் மெஷின் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். நாங்கள் அந்த மிச்சத்தைக் கேட்டோம். போன வாரத்துப் பதிவில் கைக்கு வந்தபடி நானூறு பெண்கள், நானூறு ஆண்கள்.

ஆண்கள் 'ஆச்சு' என்றால் பின்னால் மின்விசிறி ஓடும். சிலருக்கு ஏப்பம். ஒருவர் கொட்டாவி விட்டார்.

பெண்கள் 'ஆச்சு' என்றால் பின்னால் கடுகு வெடித்தது. குக்கர் விசிலடித்தது. "ஏளா, தண்ணி எங்க?" என்று ஒரு ஆம்பிளைக் குரல். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ஆச்சு தாயீ" என்றாள் ஒருத்தி. தீப்பெட்டி ஆபீசில் இருந்து ஒருத்தி, பஸ்ஸில் இருந்து ஒருத்தி, ஆஸ்பத்திரியில் யாருக்கோ துணையாக இருந்துகொண்டு ஒருத்தி. எல்லோரும் என்னிடம் ஆச்சு என்றார்கள். ஒருத்தி திருப்பிக் கேட்டிருந்தாள்: "ஆச்சும்மா, நீ சாப்ட்டியா?"

நானூறு பெண்களில் இருநூற்று எழுபது பேர் சாப்பிடாமலேயே ஆச்சு என்றவர்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

எபனேசர் சார் விபத்துப் பட்டியலை எடுத்தார். நெல் வைத்தவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனால் அதில் எழுதுவார்கள். அடுப்பில் சேலை பிடித்தது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தது, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே உயிர் போனது. எல்லாம் பெண்கள். எல்லாம் மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். ஒவ்வொன்றின் எதிரிலும் 'தொடர்பில்லை' என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சராசரி ஏன் நல்லா இறங்குச்சுன்னு இப்ப புரியுது" என்றார். "தினமும் ரெண்டு மணி நேரம் பாதாளத்துக்குப் போயிட்டு வந்தா சராசரி இறங்காம என்ன செய்யும்? அதுலயும் நிக்கிற தசை, அம்மி அரைக்கிற தசை, தண்ணி தூக்குற தசை. வேலை செய்யுற தசை தானாவே சர்க்கரையை இழுக்கும். அதோட கதவையும் நாம திறந்து விட்டுட்டோம். அடிக்கடி இறங்கினா உடம்பு நடுங்கி எச்சரிக்கிறதைக்கூட நிறுத்திரும். பெண் தசை நல்லா இணங்குதுன்னு நான் போய்ப் பேசிட்டு வந்தேனே பிரமு."

பிறகு அவர் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் சம்சாரத்துக்கும் நெல் உண்டு. "கிரேஸ், மத்தியானம் போன் வரும்போது நீ சாப்பிட்டிருப்பியா?" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, தலையைக் குனிந்துகொண்டார்.

"உடனே நிறுத்துவோம் சார்" என்றேன்.

"நிறுத்தத்தான் வேணும். ஆனா அறுபதாயிரம் பேர்ல நெல்லை நம்பி மாத்திரையை விட்டவங்க இருக்காங்க, இன்சுலினை விட்டவங்க இருக்காங்க. பழைய மருந்தை வீடு வீடாக் கொண்டு போய்ச் சேர்க்காம நிறுத்தினா, அவங்களுக்குத் தலைக்கு மேல ஏறிரும். அதுக்கு, இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்த கமிட்டியோட உத்தரவு வேணும். நாளைக் காலையில கூடச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஒரு மத்தியானம், நாளைக்கு ஒரு மத்தியானம்."

அன்று சாயங்காலம் நான் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவுடையம்மாள், புளியங்குடி. பக்கத்தில் ஒரு கட்டம். அதைத் தட்டினால் மதினிக்குப் போன் போகாது, நெல்லும் திறக்காது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

தட்டவில்லை. ஊரில் இருக்கிற முப்பதாயிரம் மதினிகளுக்கு ஒரு நியாயம், என் மதினிக்கு ஒரு நியாயமா என்று நினைத்தேன். பெரிய தர்மராஜாவின் தங்கச்சி! அதோடு அவர் எனக்குச் சொல் கொடுத்திருக்கிறார். எனக்குக் கொடுத்த சொல்லை அவர் மீறினதே கிடையாது. பட்டியலை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அவருக்குப் போன் பண்ணினேன். "மதினி, ஞாபகம் இருக்கா? என்ன சொல்லணும்?"

"இல்லைன்னு சொல்லணும். நேத்தும் அப்படித்தான சொன்னேன்! நீ போயி உன் சோலியப் பாரு. கேரளாவுல இருந்து யாவாரிக வாராக, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

கமிட்டி பதினொரு மணிக்குக் கூடியது. ஏழு பேர். போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பதிவுகளைப் போட்டுக் காட்டினோம். ஒரு பெரியவர், "இது பயனாளிகள் தவறான தகவல் கொடுத்ததால் வந்தது. அப்படித்தான் குறிப்பில் எழுதவேண்டும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "ஐயா, அவங்க ஒரு தப்பும் சொல்லலை. விருந்தாளிகிட்ட, வீட்டு ஆளுகிட்ட, எந்தப் பொம்பளையும் பசிக்குதுன்னு சொல்ல மாட்டா. சொன்னா அந்த வீட்டுக்கே அசிங்கம்னு வளர்ந்திருக்கா. நான் வீட்டு ஆள் மாதிரிக் கேட்டேன். அவங்க வீட்டு ஆளுக்குச் சொல்ற பதிலைச் சொன்னாங்க. எழுதணும்னா என் பேரை எழுதுங்க" என்றேன். எபனேசர் சார், "என் பேரையும்" என்றார்.

வாதம் வளர்ந்துகொண்டே போனது. சுவரில் மணி ஒன்றரை ஆனதை நான் பார்த்தேன். அறுபதாயிரம் வீட்டில் நான் பேசிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். நாலு மணிக்கு நிறுத்த உத்தரவு கிடைத்தது. வெளியே வந்து போனை வாங்கினால், அண்ணன் பதினாறு தடவை கூப்பிட்டிருந்தார்.

புளியங்குடியில் நடந்தது இதுதான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பதிவும் இருக்கிறது.

நாலு வியாபாரிகள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். இலை, கரண்டி, பேச்சுச் சத்தம். போன் எடுக்கிற ஓசை. "மதினி, சாப்ட்டாச்சா?" என்கிறேன் நான். வியாபாரி ஒருவர் சிரித்து, "ஆரா சேச்சி அது? இத்ர ஸ்நேகமாயிட்டு சோதிக்குந்நது?" என்கிறார், இவ்வளவு பாசமாகக் கேட்பது யார் என்று. மதினி பெருமையாக, "எங்க நாத்தனா. திருநவேலியில பெரிய ஆபீசரு. தினமும் கேப்பா" என்கிறார். அண்ணன், "அவ அதெல்லாம் நேரத்துக்குச் சாப்பிட்டுருவா. எங்க வீட்டுல ஒரு குறையும் கிடையாது" என்கிறார்.

அப்புறம் நாலு விநாடி சத்தமே இல்லை. நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், நாலு விநாடிதான். எனக்குக் கொடுத்த சொல் ஒரு பக்கம், இலையில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளிகள் முன்னால் புருஷன் சொன்ன சொல் ஒரு பக்கம். அந்த நாலு விநாடியும் அவர் என்ன பாடுபட்டாரோ.

"ஆச்சும்மா" என்கிறார் மெதுவாக.

வியாபாரிகள் சாப்பிட்டு மண்டிக்குக் கிளம்பினார்கள். அண்ணனும் கூடப் போனார். மதினி அடுப்படியில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார். மூன்று மணிக்குத் தூக்குச்சட்டி வாங்க வந்த கணக்குப்பிள்ளைதான் பார்த்தார். குழாய் திறந்தே கிடந்ததாம், மதினி அம்மிப் பக்கம் சரிந்து கிடந்தாராம். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். உயிர் இருந்தது. ஐந்து நாள் கழித்துத்தான் கண் திறந்தார்.

அதற்கப்புறம் என் குரலைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெல் வைத்தவர்களுக்கெல்லாம் பழைய மருந்தே போயிற்று. எபனேசர் சார் வேலையை விட்டுவிட்டு, விபத்துப் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், இது எங்களால் வந்தது என்று சொல்லிவிட்டு வருகிறார். சில வீட்டில் அடிக்க வந்தார்களாம். சில வீட்டில், வெயிலில் வந்தீர்களே, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்களாம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். குரோமியம் கெட்டதா சார் என்று அவரிடம் ஒரு நாள் கேட்டேன். "அது சொன்னதைச் செஞ்சுதும்மா" என்றார்.

நானும் வேலையை விட்டேன். புளியங்குடிக்கே வந்துவிட்டேன்.

மதினி நடக்கிறார், பேசுகிறார். என்னைச் சில நாள் பிரமு என்கிறார், சில நாள் டீச்சர் என்கிறார். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தால் மணிக்கணக்காக உருட்டிக்கொண்டிருப்பார். அடுப்பு எதற்கு என்று தெரியாது. மூளையில் பட்டினி கிடந்த இடம் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் மண்டியைப் பங்காளியிடம் விட்டுவிட்டுச் சோறு பொங்கப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் மாதம் பூரா கஞ்சிதான். ஒரு நாள் அரிசி களையும்போது, "முப்பத்தோரு வருஷம் பிரமு. ஒரு நாள்கூட நான் அவளைக் கேக்கலட்டி" என்றார். கேட்ட நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்?

எட்டு மாதம் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. வாயில் வராது. மத்தியானம் ஆனால் தட்டைப் போட்டு மதினி முன்னால் வைத்துவிடுவேன். அவர் சாப்பிடுவார்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன் போயிருந்தார். அரிசி வேகத் தாமதமாகிவிட்டது. பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரர்கள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணி இரண்டாகிவிட்டதே என்ற பதற்றத்தில் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்னை அறியாமல், "மதினி, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

மதினி தலையைத் தூக்கினார். அத்தனை பேர் இருக்கிறார்களே என்ற கூச்சம் முகத்தில் துளியும் இல்லை. ஒரு குழந்தை கேட்கிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இல்லட்டி. பசிக்குது. எனக்கு முதல்ல போடு."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அழுதுகொண்டே சோற்றை வடித்தேன்.